இரண்டு பேர் தூக்க வேண்டிய மூட்டை

மார்ச் 3

மச்சானுக்கு,

பென்சிலில் எழுதியிருக்கிறேன் என்று முகம் சுளிக்காதே. மல்லாந்து படுத்துக்கொண்டு பேனாவால் எழுதிப் பார், நாலாவது வரியில் மை இறங்காது. ஐந்து மாதமாகப் படுத்துக் கிடந்து நான் கண்டுபிடித்த விஞ்ஞானம் இது ஒன்றுதான்.

ஏழு தடவை போன் போட்டேன். புது ஊர், புது யூனிட், வேலை அதிகம் இருக்கும். நீ எடுத்திருந்தாலும் ஒன்று நான் கத்தியிருப்பேன், இல்லை, "சொல்லுங்க மாமா" என்று உன் குரலைக் கேட்டதும் இளகிப்போய், அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்திருப்பேன். அதனால்தான் கடிதம்.

நேற்று கம்பெனியிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே சமரசப் பத்திரம். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பெரிது பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் கோட்டை விட்ட ஆள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல. பெரியவள் படித்துச் சொன்னாள். ஒரு சின்னத் தொகையைக் கையில் கொடுப்பார்கள். அதோடு சரி. அப்புறம் வைத்தியம் கேட்கக் கூடாது, வேலை கேட்கக் கூடாது, முதுகு என்று வாயைத் திறக்கவே கூடாது. ஏன் இப்படி என்பதற்குக் காரணத்தையும் பின் அடித்து வைத்திருந்தார்கள். விபத்து அறிக்கை. சூப்பர்வைசர் கையெழுத்து. உன்னுடையது.

"ஈரத் துணி மூட்டையை இருவர் தூக்க வேண்டும் என்ற விதியை வேண்டுமென்றே மீறி, தொழிலாளி தனியாகத் தூக்கினார்."

மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். "அப்பா, இது நம்ம மாமா கையெழுத்து மாதிரி இல்ல?" என்றாள். "சூப்பர்வைசர் கையெழுத்தெல்லாம் ஒரே கிறுக்கல்தான் போ" என்று சமாளித்தேன்.

தனியாகவா தூக்கினேன் மச்சான்? ஐம்பது படுக்கை விரிப்பு, பிழிந்த பிறகும் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த உடம்பு அதைத் தனியாகத் தூக்கும் என்று நீ நம்பியதில் எனக்கு ஒரு பெருமைதான். ஆனால் எப்போதும் என்னோடு தூக்கும் நெட்டையனை அன்றைக்கு இஸ்திரி பக்கம் அனுப்பியது நீ. "வாங்க மாமா, இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன்" என்று வந்ததும் நீ. வாஷிங் மெஷினிலிருந்து டிரையருக்கு ஆறடி தூரம். பாதி வழியில் உன் பக்கம் விட்டுப்போய், மொத்தமும் என் பக்கம் சாய்ந்தது. டப்பென்று ஒரு சத்தம். தள்ளுவண்டிச் சக்கரம் உடைந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் அது நான்.

மே 12-ம் தேதி இழப்பீட்டு அலுவலகத்தில் விசாரணை. அதற்குள் அந்த ஒரு வரியை மாற்றி எழுதிக் கொடுத்துவிடு. உன் அக்காவிடம் இன்னும் நான் எதையும் காட்டவில்லை.

உன் அக்கா புருஷன்

*

மார்ச் 11

மாமாவுக்கு வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நேரில் வந்து நலம் விசாரிக்க நினைத்திருந்தேன். வேலைப் பளுவால் முடியவில்லை.

அறிக்கை தலைமை அலுவலகத்தில் பதிவாகிவிட்டது. அதைத் திருத்த எனக்கு அதிகாரம் கிடையாது.

நான் உங்களைக் கெடுக்க எழுதியதாக நினைக்கிறீர்கள். காப்பாற்றத்தான் எழுதினேன். இரண்டு பேர் தூக்கினோம் என்று சொன்னால், "அப்புறம் எப்படி விழுந்தது?" என்று அடுத்த கேள்வி வரும். என்ன பதில் சொல்லட்டும்?

எல்லோரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்குவார்கள். மூட்டை நகரும்போது வாயை மூடிக்கொண்டு நடப்பார்கள். நீங்கள் எப்படி என்று உங்களுக்கே தெரியும். "ஒண்ணு... ரெண்டு... ரெண்டேகால்... ரெண்டரை... இருடா மூக்கு அரிக்குது... மூணு." தூக்கிய பிறகும் விடுவதில்லை. "மூணேகால்... மூணரை..." பதினெட்டு வருஷமாக அந்த ஹாலில் இதே கூத்து. வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் சிரித்துச் சிரித்து மூட்டையைக் கீழே போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது. கை நழுவிவிட்டது. தரையில் கிடந்தபடி நீங்களே கேட்டீர்களே, "சிரிக்க வெச்சுட்டேனாடா?" என்று. நான் ஆமாம் என்றேன். மறந்துவிட்டதா?

வேலை நேரத்தில் விளையாடி அடிபட்டால் இழப்பீடே கிடையாது. கம்பெனி வக்கீல் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். தனியாகத் தூக்கினார் என்றால் பழைய ஆள் என்று இரக்கப்பட்டாவது ஏதோ கொடுக்கிறார்கள். அதுவும் போக வேண்டுமா?

கையெழுத்துப் போட்டுவிடுங்கள் மாமா. எல்லாருக்கும் நல்லது.

*

மார்ச் 19

மச்சானுக்கு,

மறக்கவில்லை. நீ இதை ஒருநாள் எழுதிக் காட்டுவாய் என்று பயந்துதான் ஐந்து மாதமாக நான் உனக்கு எழுதாமலே இருந்தேன்.

என் கேஸைப் பார்க்கிற வக்கீல் அம்மாவிடம், "எண்ணித்தாம்மா தூக்கினோம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எப்படி எண்ணினேன் என்று அவர் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. வீட்டிலும் யாருக்கும் தெரியாது. சும்மா இருக்காமல் வாயை வைத்து இடுப்பை ஒடித்துக்கொண்ட ஒரே மனுஷன் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். உன் அக்கா கல்யாணமான புதிதிலேயே எச்சரித்தாள், "இந்த வாய் உங்களை எங்கேயாவது கொண்டுபோய் விடும்" என்று. கொண்டுவந்து கட்டிலில் விட்டிருக்கிறது.

கையெழுத்துப் போடு என்கிறாய். போட்டுவிடலாம் என்று நானும் ஒரு வாரம் நினைத்தேன். என் தப்புக்கு இது கிடைப்பதே லாபம் என்று. ஆனால் போன புதன்கிழமை டாக்டர் புது ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற தட்டு பிதுங்கி, இடது காலுக்குப் போகிற நரம்பை நசுக்குகிறதாம். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் பாதத்தைத் தூக்கவே வராமல் போகலாமாம். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் அந்த ஆபரேஷன் கிடையாது. தொகையோடு காலையும் சேர்த்து எழுதிக் கொடுப்பது போல.

இன்னொன்று. பெரியவள் ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறாளாம். எங்கே என்று நினைக்கிறாய்? நம் லாண்டரியில், துணி மடிக்கிற டேபிளில். எழுந்து உட்கார்ந்து திட்டலாம் என்று பார்த்தேன். எழ முடியவில்லை. படுத்தபடியே மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துத் திட்டினேன். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "திங்கட்கிழமை பேசப் போறேன்பா" என்றாள்.

அதனால் வக்கீல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். எண்ணிய கதையையும் சேர்த்துத்தான். என் தப்பு எவ்வளவோ அவ்வளவு கழித்துக்கொள்ளட்டும். ஆனால் தனியாகத் தூக்கினேன் என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

*

மார்ச் 25

மாமா,

சொல்லாதீர்கள். தயவுசெய்து.

நீங்கள் சொன்னால் என்னைக் கூப்பிடுவார்கள். சூப்பர்வைசர் மூட்டை தூக்கக் கூடாது. ஆளை மாற்றி அனுப்பியதைப் பதிவில் எழுதவில்லை. பொய் அறிக்கை. மூன்றில் ஒன்று போதும், என்னை வெளியே அனுப்ப. கம்பெனி கொடுத்த வீட்டில் இருக்கிறேன். என் பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்து நாலு மாதம்தான் ஆகிறது.

மேனேஜரிடம் பேசினேன். கையெழுத்துப் போட்டால் பின்னால் கேட் பக்கம் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது தர முடியுமா என்று யோசிப்பாராம். எழுத்தில் தர மாட்டார். வாய் வார்த்தைதான். மகளை வேலைக்கு அனுப்ப வேண்டாம்.

அக்காவிடம் என் கடிதத்தைக் காட்டாதீர்கள். கிழித்துவிடுங்கள்.

*

ஏப்ரல் 7

மச்சானுக்கு,

கிழிக்கவில்லை. காட்டவும் இல்லை. தலையணை உறைக்குள் இருக்கிறது. உறை மாற்றுகிற நாளில் அதை எடுத்துப் பனியனுக்குள் ஒளித்துக்கொள்கிறேன், பார்த்துக்கொள்.

வாய் வார்த்தையை நம்பி உட்காரலாம்தான், ஆனால் என்னால் உட்காரவே முடியாது என்று உன் மேனேஜரிடம் சொல்.

வக்கீல் அம்மா நேற்று வீட்டுக்கே வந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரெண்டேகால், ரெண்டரை எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கவே இல்லை. எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தி, "அவர் சிரிச்சதை நீங்க பார்த்தீங்களா?" என்றார்.

"இல்லம்மா. நடுவுல மூட்டை மறைச்சுது."

"சத்தம் கேட்டுச்சா?"

"மெஷின் ஓடுதேம்மா, என்ன கேக்கும்?"

"அப்ப எப்படித் தெரியும்?"

"அவனே சொன்னான்."

ஏதோ எழுதி அடியில் கோடு போட்டார். அப்புறம் சொன்னார்: "பதினெட்டு வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்சு அப்படித்தான் எண்ணினீங்கன்னா அதை விளையாட்டுன்னு தள்ளுறது கஷ்டம். ஆனா அவங்க தள்ளப் பார்ப்பாங்க. அந்தப் பக்கம் பிடிச்சவர் வந்து சொல்லணும். அவர் இல்லாம இது உங்க வாய்க்கும் அந்தப் பேப்பருக்கும் நடக்கிற சண்டை."

போகும்போது ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். "சார், வலி எப்படி இருக்குன்னு கேட்டா நீங்க ஜோக் அடிக்கிறீங்க. ஆபீசர் முன்னாடி இப்படிப் பேசினா, நல்லாத்தான் இருக்கார்னு எழுதிடுவார். ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு ஒரு பக்கம் எழுதுங்க. ஒரு சிரிப்பு கூட இருக்கக் கூடாது."

ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை கூட இவ்வளவு கஷ்டப்படுத்தவில்லை. நாலு தடவை அழித்து எழுதினேன். அவருக்குக் கொடுக்கும் முன்னால் உனக்கு அனுப்புகிறேன். நீ படிக்க வேண்டும்.

"கண் விழித்ததும் நான் அசைவதில்லை. முதலில் இடது கால் விரல் அசைகிறதா என்று பார்க்கிறேன். பிறகு பக்கவாட்டில் உருண்டு, முழங்கையை ஊன்றி, மனைவியின் தோளைப் பிடித்து எழுகிறேன். நாற்காலியில் பன்னிரண்டு நிமிஷம் உட்கார முடியும். அதற்கு மேல் தொடையின் பின்பக்கம் தீ வைத்தது போல எரிகிறது. கீழே விழுந்த பொருள் கீழேயே கிடக்கும். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். கழிப்பறையில் உட்கார முடிகிறது, எழ முடிவதில்லை. அதனால் கதவைத் தாழ் போடுவதில்லை. மகள் வீட்டில் இருக்கும்போது போவதில்லை, அவள் வெளியே போகும்வரை அடக்கிக்கொள்கிறேன். ஒருநாள் முடியவில்லை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் வந்து தூக்கிவிட்டாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றிலிருந்து அவள் படிப்பை நிறுத்துவது பற்றிப் பேசுகிறாள்."

இவ்வளவுதான்.

*

ஏப்ரல் 23

மாமா,

பதினைந்து நாளாக அந்தப் பக்கத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். நாலு தடவை பதில் எழுதினேன். நாலும் அறிக்கை மாதிரி வந்தது. இதுவும் எப்படி வருமோ தெரியாது.

நான் சிரிக்கவில்லை.

மேனேஜர் போன் பண்ணிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரி ஆர்டர் லேட். பேன்ட் பையில் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது தடவை எடுக்காவிட்டால் எல்லார் முன்னாலும் கத்துவார். நீங்கள் "மூணேகால்" என்று சொல்லும்போது நான் வலது கையை எடுத்துப் பைக்குள் விட்டேன். இன்னும் மூன்று அடிதானே, ஒரு கை தாங்கும் என்று நினைத்தேன். தாங்கவில்லை.

நீங்கள் தரையில் கிடந்தீர்கள். முகம் வெளுத்துப்போய், "சிரிக்க வெச்சுட்டேனாடா?" என்று கேட்டீர்கள். போன் என் கையில் இருந்தது. மேனேஜர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொன்னேன். சொல்ல ரொம்ப சுலபமாக இருந்தது மாமா. நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

உங்கள் எண்ணிக்கைக்கு எனக்குச் சிரிப்பு வந்து பத்து வருஷம் இருக்கும். இதைச் சொல்வதுதான் ஏனோ எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த ஸ்பிரிங் வண்டி, துணியை எடுக்க எடுக்க அடித்தட்டு மேலே வருமே, அது இருந்திருந்தால் யாருமே தூக்கியிருக்க வேண்டாம். ரெண்டு மாதமாக உடைந்து கிடந்தது. சரிசெய்யச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். நகல் என்னிடம் இருக்கிறது. அதை வெளியே எடுத்தால் என் இடம் போய்விடும் என்று அதையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மே 12 வருவேன் என்று எழுத வரவில்லை. என் வீட்டுக்காரியிடமே இன்னும் சொல்லவில்லை.

*

ஏப்ரல் 28

கடிதம் கிடைத்தது.

விசாரணை காலை பத்து மணிக்கு. இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. நான் எட்டு மணிக்கே ஏற ஆரம்பித்துவிடுவேன்.

வேறு எதுவும் இப்போது எழுதினால் நன்றாக இருக்காது.

*

மே 13

மச்சானுக்கு,

பேசி முடித்ததும் படி இறங்கி ஓடிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்ததை யாராவது உனக்குச் சொல்ல வேண்டும். நெட்டையனிடம் விட்டால் ரெண்டு பங்கு சேர்த்துச் சொல்வான். அதனால் நானே எழுதுகிறேன்.

பத்தேகால் வரை நீ வரவில்லை. வக்கீல் அம்மா வாசலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கம்பெனி வக்கீல் என்னிடம், "ஒண்ணு, ரெண்டு, ரெண்டேகால்... இப்படித்தானே?" என்று நடித்துக் காட்டினார். நன்றாகவே நடித்தார். நான் "ஆமாங்க" என்றேன். "அப்ப விளையாடிட்டு இருந்தீங்க." அடிபட்ட மாடு மாதிரி நின்றேன். உட்காரவும் முடியாதே. அப்போதுதான் நீ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாய். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தாய். நீ கவனித்திருக்க மாட்டாய்.

ஆபீசர் உன்னை, "இவர் எண்ணினதைக் கேட்டு நீங்க சிரிச்சீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார். அந்த ஜோக்குக்கு எங்க ஹால்ல யாரும் சிரிக்கிறதில்ல சார்" என்றாய். அந்த அறையில் எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்தார், டைப் அடிக்கிற அம்மாவும் சிரித்தார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய சிரிப்பு அதுதான், அதுவும் உன் வாயால். நான் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தால் இடுப்பு வலிக்கும். அப்புறம் நீ போன் எடுத்ததைச் சொன்னாய், எல்லார் சிரிப்பும் நின்றது.

நீ போனதும் கம்பெனி வக்கீல் பத்து நிமிஷம் அவகாசம் கேட்டார். நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டார். நீ கொடுத்துவிட்டுப் போன ஸ்பிரிங் வண்டி நகல் மூன்றையும் வெளியே நின்று திருப்பித் திருப்பிப் பார்த்ததாக, என்னோடு வந்திருந்த நெட்டையன் சொன்னான். புதுப் பத்திரத்தோடு வந்தார்கள். தனியாகத் தூக்கினார் என்ற வரி இல்லை. ஆபரேஷன் அவர்கள் பொறுப்பு, அதற்குப் பிறகு டாக்டர் போதும் என்று சொல்லும்வரை வைத்தியம். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் துணிக்கு அடையாளச் சீட்டுக் கட்டுகிற மேஜையில் வேலை. எல்லாம் எழுத்தில். வக்கீல் அம்மா ஒவ்வொரு வரியாக எனக்கு வாசித்துக் காட்டினார். நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன். பெரியவள் திங்கட்கிழமை கல்லூரிக்குத்தான் போகிறாள். மடிப்பு டேபிளுக்கு அவளைத் தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கம்பெனி தனியாக வைக்கிற விசாரணை முடியும்வரை உன்னை வேலைக்கு வர வேண்டாம் என்றிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்களா? எழுது. வக்கீல் அம்மா உன்னைப் பற்றிக் கேட்டார். "அவரும் ஒரு தொழிலாளிதானே, வரச் சொல்லுங்க, பார்க்கலாம்" என்றார். அவர் விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்.

இனி எனக்கும் உனக்குமான விஷயம். மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், பென்சில் நகரவில்லை. முதுகுக்காக இல்லை. கை வழுக்கும், எவனுக்கும் வழுக்கும். ஏழு மாதமாக அந்தக் கட்டிலில் நானே என்னைக் கெடுத்துக்கொண்டேன் என்று நம்பிக் கிடந்தேனே, அதற்காக. பிள்ளைகள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை விளையாட்டாகச் சொல்லவே பயந்தேன். அது உனக்குத் தெரியும். தெரிந்தே விட்டாய். இது ஆற நாளாகும். எத்தனை நாள் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

உன் அக்கா நேற்று கீழே, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நீ அவளைத் தாண்டி ஓடியிருக்கிறாய். "தம்பி போறான், கூப்பிடக் கூப்பிடத் திரும்பல. மேல என்னங்க சொன்னான்?" என்று கேட்டாள். வீடு வந்து சேரும்வரை கேட்டாள். சாப்பிடும்போதும் கேட்டாள். "அவனே வந்து சொல்லுவான்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த ஒன்றை நான் உனக்காகத் தூக்க மாட்டேன்.

அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்கு முன்னால் வந்துவிடு. பகலில் வா. ஒருவேளை உன் அக்கா கடைக்குப் போயிருந்தால் அவள் வரும்வரை வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். கதவைத் தட்டிவிட்டு அங்கேயே நில். நான் உருண்டு, ஊன்றி, எழுந்து, சுவரைப் பிடித்து வந்து திறக்க நேரமாகும். யாரும் இல்லை என்று நினைத்துப் போய்விடாதே.

மாமா